இராவணன் நல்லவனா கெட்டவனா?

போன கிழமை குசினியில என்னோட நிண்டு உருளைக்கிழங்கு தோல் சீவுற பெடியன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணை, இராவணன் நல்லவனா கெட்டவனா?" இஞ்சை பிறந்த பிள்ளை. ஒரு சொல்லில மறுமொழி எதிர்பார்த்தான். என்னால சொல்ல ஏலேல்லை. வேலை முடிஞ்சு, ஆத்துக்குக் கீழால ஓடுற மெற்றோவில லொங்குய்ய்க்கு வரேக்கையும் அதே யோசினைதான். அதைத்தான் எழுதுறன்.

எங்கட மேடையில ரெண்டு விதமான நாயகர்களைக் கண்டிருக்கிறம். ஒருத்தன் அரிச்சந்திரன். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில அரிச்சந்திரனாக நிண்டு பாடினதைப் பற்றி என்ர அம்மா சொல்லாத நாளில்லை. ஊர் முழுக்க விடிய விடிய இருந்து அழுமாம். ஆனா அரிச்சந்திரனில பிழை எண்டு ஒண்டுமில்லை. துன்பம் வெளியிலயிருந்து, விசுவாமித்திரரின்ர சோதனையாக வருது. கடைசியில இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்குது. அழுதுபோட்டு நிம்மதியாக வீட்டை போகலாம்.

கிரேக்கத்து அரிஸ்டோட்டில் 2300 வருசத்துக்கு முந்தியே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். குற்றமே இல்லாதவன் விழுந்தால் எங்களுக்கு மனம் வெறுத்துப்போகும். முழுக் கெட்டவன் விழுந்தால் இரக்கம் வராது. ரெண்டுக்கும் நடுவில, எங்களைப் போல ஒருத்தன், தன்ர ஒரு தவறால விழேக்கதான் இரக்கமும் பயமும் சேர்ந்து வரும் எண்டார்.

இராவணனை எங்கட ஆக்கள் கனகாலம் ஒரு பக்கம்தான் பார்த்தவை. இராமர் கதைக் கூத்துகளில அவன் அழியவேண்டிய அரக்கன். பிறகு தமிழ்நாட்டில மற்றப் பக்கத்துக்குச் சாய்ஞ்சினம். புலவர் குழந்தை 1946இல் எழுதின 'இராவண காவியம்' அவனைக் குறையில்லாத தமிழ் வேந்தனாக்கிச்சுது. 1948இல் அதைத் தடைசெய்தவை; 1971இல்தான் தடை நீங்கினது. தடை போடுற அளவுக்கு அந்தக் கதை சுட்டிருக்கு.

நடுவில நிண்டு பார்த்தது பேராதனைப் பல்கலைக்கழகம் எண்டு நான் நினைக்கிறன். 1956இல் சரச்சந்திர 'மனமே' போட்டு, சிங்கள நாடகத்துக்குப் பழைய நாடகத்திலயிருந்தே புது உயிர் குடுத்தார். அதே காலத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில எடுத்தார். வட்டக்களரியில விடிய விடிய ஆடினதைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. இராவணேசனை எழுதி, இராவணனாகவும் ஆடினவர் அப்ப அங்கை மாணவராக இருந்த சி. மௌனகுரு. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில அவரே அதைத் திரும்பவும் மேடையேற்றினார். நானும் அந்தப் பல்கலைக்கழகத்தில கொஞ்சக்காலம் படிச்சனான், முடிக்கக் குடுத்துவைக்கேல்லை.

இராவணனின்ர கணக்கைப் பாருங்கோ. வீரன், இசை தெரிஞ்சவன், சிவபக்தன், தம்பியும் பிள்ளையும் உயிரைக் குடுக்கிற அளவுக்குப் பாசத்தைச் சம்பாதிச்சவன். மறுபக்கம், இன்னொருத்தன்ர மனுசியைக் களவாய்த் தூக்கிக்கொண்டு வந்தவன். அந்தப் பிழையை எந்தக் காவியமும் கழுவேலாது. முதல்நாள் சண்டையில எல்லாம் இழந்து வெறுங்கையோட திரும்பேக்க சீதையை விட்டிருக்கலாம். மானம் விடேல்லை. அவனைப் பெரியவனாக்கின அதே மானம்தான் அவனையும் இலங்கையையும் எரிச்சுது. குணம் ஒரு தட்டிலயும் குற்றம் மற்றத் தட்டிலயும் தனித்தனியாக இருக்கேல்லை. ரெண்டும் ஒரே வேரில வந்தது.

இதை நான் இவ்வளவு யோசிக்கிறதுக்குக் காரணம் என்ர மச்சான். இயக்கத்துக்குப் போனவன். தன்ர சாப்பாட்டை மற்றவைக்குக் குடுத்துப்போட்டுப் பசியோட படுக்கிறவன். கடைசி வருசம், பக்கத்து வீட்டுப் பெடியனைக் கட்டாயமாக ஏத்திக்கொண்டு போக வந்த வாகனத்திலயும் அவன்தான் இருந்தவன். அந்தத் தாய் அவன்ர காலைப் பிடிச்சுக் கத்தினவ. 2009 மே மாதத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் இல்லை.

இஞ்சை எங்கட சனத்திட்ட ரெண்டு பெட்டிதான் இருக்கு: மாவீரன், துரோகி. மச்சானை முதல் பெட்டியில போட்டால் அந்தத் தாய்க்குப் பொய் சொல்லுறன். ரெண்டாவதில போட்டால் அவன் தந்த சோத்துக்குப் பொய் சொல்லுறன். இராவணன் விழேக்க அழுகிற ஆக்கள் அவன் செய்தது சரி எண்டு சொல்லேல்லை. பிழையை அறிஞ்சுகொண்டே அழலாம் எண்டதைக் கூத்து எங்களுக்குப் பழக்கியிருக்கு. வீட்டிலயும் கூட்டங்களிலயும்தான் நாங்கள் அதை மறந்துபோனம்.

அடுத்த நாள் பெடியனுக்குச் சொன்னன்: "தம்பி, அவன் எந்த இடத்தில திரும்பியிருக்கலாம் எண்டு யோசி." அவன் விளங்கின மாதிரித் தலையாட்டினான். அந்தத் தாய் இப்பவும் ஊரில இருக்கிறா. ஒருநாள் போய் அவவுக்கு முன்னால இருந்து, மச்சானைப் பற்றி ரெண்டையும் கதைக்கவேணும்.