ஏரி பழையது, மீன் புதியது

காஷ்மீரின் விஷன்சர், கங்காபல் ஏரிகளுக்கு மலையேறும் இளைஞர் சிலர், மடக்கினால் முழங்கை அளவே உள்ள தூண்டிற்கோலை முதுகுப்பையில் வைத்து, மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டோடு செல்கின்றனர். தெளிந்த நீரில் தம் நிழல் விழாதவாறு தாழ்ந்து நிற்பதே அவர்கள் கற்கும் முதற்பாடம். 'மனிதக் கை படாத இயற்கை' என்று அவ்விடத்தைப் பலரும் வியப்பதுண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அங்கே தூண்டிலில் சிக்கும் பழுப்பு டிரவுட் ஐரோப்பிய மீன். 1899இல் பிரிட்டனிலிருந்து அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் வந்தவை பிழைத்தன. கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃபிராங்க் மிட்செல் அம்மீன் வளர்ப்பில் முன்னின்றார். ஹர்வானில் பொரிப்பகம் எழுந்தது. குஞ்சுகள் மலைநீர்களில் விடப்பட்டன.

மொழியியல் பயின்ற எனக்கு உறுத்துவது ஒரு பெயர். இம்மலைநீர்களின் பூர்வீக மீனான ஸ்கிசோதொராக்ஸ், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்திலோ அது 'ஸ்னோ டிரவுட்'. காஷ்மீரியில் மீனுக்குக் 'காட்' என்ற சொல் இருக்கிறது. விஷன்சரின் 'சர்' ஏரியைக் குறிக்கும் சொல்லாக இன்றும் நிற்கிறது. ஏரி தன் பெயரைக் காத்துக்கொண்டது. மண்ணின் மீனோ வந்தேறியின் பெயரால் அறியப்படுகிறது.

இன்னொன்று: இன்றைய பயணி தன் சுமையைக் குறைக்கிறார். அன்றைய துரைமாரின் சுமையோ சுமைகூலிகளின் முதுகிலும் மட்டக்குதிரைகளின் மீதும் ஏறியது. தூண்டிலின் வரலாற்றை எழுதுவோர், சுமந்தவரையும் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்.