பட்டா இல்லாதோரும் நகர மேம்பாடும்: பிக்கட்டியிலிருந்து ஒரு சட்டப் பார்வை

நீலகிரியின் பிக்கட்டி, சுற்றிலும் தேயிலை விளைந்தாலும் சட்டத்தின் கண்ணில் நகரம். அது ஒரு பேரூராட்சி. இதன் விளைவுகளை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டம் பேரூராட்சி எல்லைக்குள் வந்ததில்லை. கிராம சபையும் இல்லை. மாறாக வருபவை நகர்ப்புறத் திட்டங்கள்: சந்தை, சாலை, வீட்டுவசதி, கீழே கடைகளும் மேலே குடியிருப்புகளுமாக அமையும் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்கள்.

இத்திட்டங்கள் குடியிருப்பவரைவிட ஆவணத்தையே முதலில் பார்க்கின்றன. 2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளியே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவு சொந்த நிலம் உள்ளோருக்கானது. தோட்டத் தொழிலாளரிடம் நிலம் ஏது? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த லைன் வீடும் ஓய்வு பெற்றதும் கைவிட்டுப் போகும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, நீலகிரியில் அரசின் டான்டீ தோட்டங்களில் அமர்த்தப்பட்டோரில் தலித்துகள் ஏராளம். இந்த நிலமின்மை தற்செயலானதன்று.

மலையில் மற்றோர் இறுக்கமும் உண்டு. மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் கட்டுமானக் கட்டுப்பாடு தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டத் தகுந்த நிலம் அரிதாகும்போது, புறம்போக்கில் வாழ்பவரே முதலில் 'ஆக்கிரமிப்பாளர்' ஆகிறார்.

அதன் பிறகு என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தின்கீழ் அங்கே 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. பின்னர் பல பத்தாண்டுகளுக்கு அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்படாத பகுதிகளின் மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். வாழ்வாதாரமும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றதும் அதே தீர்ப்புதான்; மேடைகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, நகர்ப்புறத்தில் மூன்றாண்டுகள் குடியிருந்த குடும்பம், பட்டா இல்லாவிடினும், 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. ஆனால் அரசு தன் புறம்போக்கிலேயே கட்டும்போது கையகப்படுத்தல் என்பதே நிகழ்வதில்லை. நம் மக்கள் நழுவி விழும் ஓட்டை இதுவே. அங்கே எஞ்சுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எ) முதலான உட்பிரிவுகளில் ஒன்று: பட்டியல் சாதியினரை, பழங்குடியினரை நிலத்திலிருந்தோ இருப்பிடத்திலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவது குற்றம். 'முறைகேடாக' என்பதை மெய்ப்பிக்க, குடியிருந்த காலத்துக்குச் சான்று வேண்டும்.

எனவே குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவற்றைத் திட்ட அறிக்கை வெளிவருமுன்பே வீடு வீடாகத் தொகுக்க வேண்டும். நகல்களைப் பேரூராட்சி அலுவலகத்திலும் வட்டாட்சியரிடமும் அளித்து, தேதியிட்ட ஒப்புகை பெற வேண்டும்.