தலைவலிக்குக் கொடுத்த மாத்திரை

இன்னைக்கு ஒரு மாத்திரையோட வரலாறு. ஏழு, எட்டு வயசுப் பிள்ளைக்கு, காலையில பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னாடி கொடுக்கிற மாத்திரை. ஒரு இடத்துல உட்கார முடியாத, கோபம் வந்தா கையை ஓங்கிடுற, நோட்டைக் கிழிச்சுப் போடுற பிள்ளைங்களுக்கு மனநல மருத்துவர் எழுதித் தர்றது. ஆனா மாத்திரையை விட இன்னொரு கேள்விதான் என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கிற அப்பா அம்மாவை மருத்துவம் எங்க நிறுத்தி வச்சது?

இதைத் தோண்டக் காரணம் விருத்தாசலத்துல இருக்கு. எங்க அக்கா பையனும் இப்படி ஒரு மாத்திரை சாப்பிடுறான். அத்தானுக்கு பீங்கான் பட்டறையில வேலை. மருந்து எல்லாக் கடையிலயும் கிடைக்காது, போதைமருந்துச் சட்டத்தோட பட்டியல்ல வர்ற மருந்து. அதனால மாசம் ஒரு நாள் அக்கா புதுச்சேரி பஸ் ஏறணும். அதைக் கூட அவ பெருசா எடுத்துக்கல. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட, நாலு போட்டா சரியாயிடும்"னு ஒரு பேச்சு. "பச்சப் புள்ளைக்கு மெண்டல் மாத்திரையா?"ன்னு இன்னொரு பேச்சு. ரெண்டையும் ஒரே ஆளே சொல்லுவார், ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள.

சரி, கதைக்கு வருவோம். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல ஜார்ஜ் பிராட்லின்னு ஒரு பணக்காரர். அவரோட ஒரே பொண்ணு எம்மாவுக்கு ஏழு வயசுல மூளைக்காய்ச்சல். பிழைச்சா, ஆனா பழைய மாதிரி ஆகல. எங்கயும் சரியான சிகிச்சை கிடைக்காம, தங்களோட சொத்தையே இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு எழுதி வச்சாங்க. 1931-ல அந்த ஆஸ்பத்திரி திறந்துச்சு. இந்த வரலாறே ஒரு அப்பா அம்மாவோட தவிப்புல ஆரம்பிச்சதுதான்.

அங்க வேலை பார்த்தவர் சார்லஸ் பிராட்லி, அதே குடும்பம். அப்போ ஸ்கேன் கிடையாது. மூளையைப் படம் எடுக்கணும்னா முதுகுத்தண்டு நீரை வெளியே எடுத்து, அந்த இடத்துல காத்தை அனுப்பணும். பிள்ளைங்களுக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. வலி குறையுமான்னு பார்க்க பென்சிட்ரின்னு ஒரு மருந்து கொடுத்தார். தலைவலி பெருசா போகல. ஆனா சில பிள்ளைங்க திடீர்னு கணக்கு போட ஆரம்பிச்சாங்க! பிள்ளைங்களே அதுக்கு 'கணக்கு மாத்திரை'ன்னு பேர் வச்சாங்க.

1937-ல அவர் கட்டுரை வெளியாச்சு. 30 பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் கொடுத்ததுல 14 பேர் படிப்புல பெரிய மாற்றம். மருந்தை நிறுத்தினா மாற்றமும் போயிடுச்சு. சுறுசுறுப்பைத் தூண்டுற மருந்து, துறுதுறுன்னு இருக்கிற பிள்ளையை எப்படி அமைதியாக்கும்னு அவருக்கே ஆச்சரியம். கோடு எழுதுற எனக்கு இது ரொம்பப் பழக்கமான விஷயம், ஏன் ஓடுதுன்னு தெரியாம ஓடுற புரோகிராம். அதோட, அந்த 30-ல மீதிப் பேருக்கு அவ்வளவு மாற்றம் தெரியல. அதையும் மறைக்காம எழுதினார்.

அதுக்கப்புறம் சுமார் இருபது வருஷம் இதை யாரும் பெருசா கண்டுக்கல. இடையில 1944-ல சீபா கம்பெனியில லியாண்ட்ரோ பனிசோன் இன்னொரு மருந்தைத் தயாரிச்சார். மனைவி செல்லப் பேர் ரீட்டா, மருந்து ரிட்டலின் ஆச்சு. பேர் வைக்கிறதுல நம்ம ஸ்வீட் கடைக்காரங்க மாதிரிதான்.

மருந்தை ஏன் கண்டுக்கல? அந்தக் காலத்துல அமெரிக்க மனநல மருத்துவத்துல ஃபிராய்டோட செல்வாக்கு அதிகம். பிள்ளை சரியில்லைன்னா வளர்ப்புலயே காரணம் தேடுவாங்க. இதோட உச்சம் சிகாகோவுல புரூனோ பெட்டல்ஹைம். ஆட்டிசம் அம்மாவோட அன்பில்லாததால வருதுன்னு 1967-ல புத்தகமே போட்டார். பிள்ளையை வீட்டுல இருந்து பிரிக்கிறதுதான் அவர் வழி. அது தப்புன்னு பின்னாடி தெளிவாச்சு. அதுக்குள்ள எத்தனை அம்மாக்கள் குற்றவாளியா வாழ்ந்திருப்பாங்க! எங்க அக்கா கேட்கிற "நீ கெடுத்துட்ட" ஏதோ கிராமத்துப் பேச்சு இல்லைங்க. கோட் போட்ட டாக்டருங்க பேசின பேச்சு.

இங்க நிலைமை வேற. மதராஸ்ல 1794-லயே மனநோயாளிகளுக்கு ஒரு இல்லம், வாலண்டைன் கொனோலிங்கிற சர்ஜன் ஆரம்பிச்சது. 1871-ல கீழ்ப்பாக்கம் வந்துச்சு. அப்புறம் அந்த ஊர்ப் பேரே நமக்கு சினிமா ஜோக் ஆயிடுச்சு. அங்கயும் நோயாளி உள்ள, குடும்பம் வெளிய.

அதை உடைச்சவர் அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர். 1950-கள்ல ஆஸ்பத்திரி நிரம்பி வழிய, வளாகத்துல டென்ட் அடிச்சு நோயாளியோட குடும்பத்தையும் தங்க வச்சார். இடமும் ஆளும் பத்தாம செஞ்ச ஏற்பாடுதான். ஆனா பக்கத்துல சொந்தம் இருந்தவங்க சீக்கிரம் தேறினாங்க, ஒரு குடும்பத்தைப் பார்த்து இன்னொரு குடும்பம் கத்துக்கிட்டது.

1957-ல வேலூர் சி.எம்.சி. பாகாயத்துல மனநல மையத்தைத் திறந்தப்போ இதையே விதியாக்குச்சு. கூட ஒரு சொந்தக்காரர் தங்கியே ஆகணும். அங்க குழந்தைகளுக்கான பிரிவு பேர் 'நம்பிக்கை நிலையம்'. பிள்ளையோட அப்பாவோ அம்மாவோ வாரக்கணக்குல தங்கி, அடம் பிடிக்கும்போது என்ன செய்யணும், எதைக் கண்டுக்காம விடணும், எதுக்குப் பாராட்டணும்னு பழகுறாங்க. மருந்து தேவைப்பட்டா மருந்தும் உண்டு. சிகாகோவுல குற்றவாளிக் கூண்டுல நின்ன அம்மா, பாகாயத்துல சிகிச்சை கொடுக்கிற ஆளு. எனக்கு இதைப் படிச்சப்போ உண்மையிலேயே பெருமையா இருந்துச்சு.

பெருமையோட நிறுத்த முடியலைங்க. தங்குறதுன்னா யார் தங்குவா? பெரும்பாலும் அம்மாதான். வேலை பார்க்கிறவங்கன்னா லீவு? மத்திய அரசு ஊழியரா இருக்கிற பெண்களுக்கு 2008-லேர்ந்து பிள்ளையைப் பார்த்துக்க 730 நாள் விடுப்பு இருக்கு. பீங்கான் பட்டறையில அகல் விளக்கை அச்சுல எடுத்துக் காய வைக்கிற அம்மாவுக்கு, வராத நாளுக்குச் சம்பளம் இல்ல. விருத்தாசலம் ஜங்ஷன்ல இருந்து நாலு திசைக்கும் ரயில் இருக்கு, பிள்ளையோட பாகாயத்துல ரெண்டு மாசம் தங்குறதுக்கு அவளுக்குக் கூலி கொடுக்கத்தான் ஆள் இல்ல.