முன்னூற்று நான்கும் கடைசிச் சீட்டும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஊர்காவற்றுறை அமைந்த தீவுக்கு லெய்டன் என்று தம் நகரொன்றின் பெயரைச் சூட்டினர். 1795இல் அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். தீவின் பெயர் மறைந்தது; கந்தோர் என்ற சொல் நிலைத்தது. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் ஒரு சீட்டாட்டத்தின் வித்தும் உண்டென்பது என் துணிபு. முன்னூற்று நான்கு என நம்மவர் வழங்கும் ஆட்டமே அது.

சொற்களே முதற் சான்று. சிங்களத்தில் நால்வகைச் சீட்டுகளை இஸ்கோப்ப, ருவித, ஹார்த, கலாபர என்பர். ஒல்லாந்த மொழியில் அவை ஸ்கோப்பன், ரௌதன், ஹார்தன், கிளாவர். வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

சீட்டுகளின் வரிசை அடுத்த சான்று. இவ்வாட்டத்தில் அரசனும் அரசியும் தாழ்ந்தவர்கள். ஜாக் தலைமை பெறும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, அரசனுக்கு 3, அரசிக்கு 2 புள்ளிகள். ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. பெயரின் காரணம் இதுவே. ஒல்லாந்திலிருந்து சுவிற்சர்லாந்து சென்ற யாஸ் என்னும் ஆட்டத்திலும் ஜாக்கும் ஒன்பதும் உயர்வுடையன. ஆனால் துரும்பினத்தில் மட்டும். நம்மவர் அவ்வுயர்வை நான்கினத்துக்கும் விரித்துவிட்டனர். ஆதலின் வித்து அயலதாயினும், வளர்ந்த மரம் தென்னாசிய மண்ணுக்குரியது. கேரளத்தின் இருபத்தெட்டும் இதே குடும்பம்.

பந்தயம் கட்டும் முறையோ தனித்தன்மை உடையது. எட்டில் நான்கு சீட்டுகள் கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும். பரவலான விதிப்படி 160 முதற் கேட்கலாம். கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துரும்பு. மற்ற மூவருக்கும் அது மறைபொருள். பாதிக் கையை மட்டும் கண்டு முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்கும் துணிச்சல் இது.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த போக்கர் இதற்கு நேர்மாறு. அதன் இன்றைய பெருவழக்கான வகையில், ஐந்தாவது பொதுச் சீட்டு விழுந்தபின் இறுதிப் பந்தயம் நடைபெறும். அதன்பின் வரவேண்டிய சீட்டு ஏதுமில்லை. எதிரியின் கையும் மனமுமே மறைந்திருப்பவை. வலிய கையுடையவன் வாளாவிருந்து எதிரியைப் பந்தயம் கட்டத் தூண்டலாம். மெலிந்த கையுடையவன் பெருந்தொகை வைத்து அஞ்சச் செய்யலாம். மௌனமும் பொய்யும் அங்கே கைத்திறன்.

முன்னூற்று நான்கின் முடிவில் அந்த மௌனத்துக்கு இடமில்லை. எட்டுப் பிடிகளும் தன் பக்கமே சேரும் என்பது ஒருவருக்கு உறுதியானால், உரிய நேரத்தில் அதனை வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் விதி எழுதுவோர் இதனைக் கேப்ஸ் என்பர். சொல்லிவிட்டு ஒரு பிடி தவறினால் தண்டம்; உறுதி தெரிந்தும் சொல்லாமல் எட்டையும் எடுத்தாலும் தண்டம். யாஸ் ஆட்டத்தில் எல்லாப் பிடிகளையும் எடுத்தவருக்கு 100 புள்ளிகள் கேளாமலே சேரும்.

ஆகவே தேர்ந்தவர், விழுந்த சீட்டுகளை இனவாரியாக நினைவில் வைத்திருப்பார். வெளிவராத துரும்பு எத்தனை, எந்த ஜாக் இன்னும் ஒளிந்திருக்கிறது என்று கணக்கிட்டு, ஐயம் நீங்கிய அக்கணத்திலேயே அறிவித்து, எஞ்சிய சீட்டுகளைத் தாம் இறக்கப்போகும் வரிசையிலேயே பலகையில் விரித்துவிடுவார்.