ஜெர்மன் சில்வர் கிதாரும் கோட்டுவாத்தியமும்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஹவாய் பாணிக் கிதாரின் ஓசை பெரிய அரங்குகளில் பித்தளைக் கருவிகளுக்கு நடுவே அமுங்கிப் போனதால், ஜார்ஜ் போஷாம்ப் என்ற கலைஞரின் வேண்டுகோளை ஏற்று, ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோபியெரா 1927-இல் லாஸ் ஏஞ்சலீஸில் உலோக உடல் கொண்ட கிதாரை உருவாக்கினார். அதன் உடல் ஜெர்மன் சில்வர் தகட்டால் ஆனது. பெயரில் வெள்ளி இருந்தாலும் இது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே. தகட்டை வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்த பின், உள்ளே மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகள் பொருத்தப்படும். கடைசல் எந்திரத்தில் சுழலும் தகட்டை அச்சின்மேல் அழுத்தியே கூம்பு வார்ப்பின்றி உருவாகிறது. தந்திகளின் அதிர்வை 'T' வடிவப் பாலம் மூன்று கூம்புகளுக்கும் கடத்துகிறது. வேலையின் உயிர் உண்மையில் இந்தக் கூம்பில்தான் இருக்கிறது. பளபளப்பான உடல் கண்ணைக் கவர்ந்தாலும், கூம்பு தடித்தால் ஓசை மங்கும்.

ஹவாய் கிதாரைப் போலத் தந்திமேல் தண்டை வழுக்கவிட்டு இசைக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. மெட்டுகள், அதாவது சுரத்தானங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகள், இல்லாத கோட்டுவாத்தியத்தைத் திருவிடைமருதூர் சகாராம ராவ் பிரபலப்படுத்தினார். அவருடைய மாணவர் நாராயண ஐயங்கார் அதை மேலும் வளர்த்தார். இங்கே பலாமரக் குடமே ஓசையைப் பெருக்கியது. ஹவாய் கிதாரும் இந்தியாவுக்கு வந்தது: சமோவாவில் பிறந்த ஹவாய் கிதார் கலைஞர் டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்ததும், அந்நகரில் ஹவாய் கிதார் வேரூன்றத் துணை செய்தது.