கூண்டு: ஸ்டார் ட்ரெக்கின் முதல் எபிசோடும் நம்முடைய எதிர்காலமும்

அரியலூர் மாவட்டத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் எங்கள் மாலைப் படிப்பு வட்டம் நடக்கிறது. சென்ற மாதம் அங்கே சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரு பழைய அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடைப் போட்டோம். பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களுமாக இருபது பேர். அவ்வப்போது நிறுத்தி நான் தமிழில் கதை சொன்னேன். முடிந்ததும் பி.எஸ்சி. படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, இவங்க இதை எடுத்துக்கிட்டு இருந்தப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

எபிசோடின் பெயர் 'தி கேஜ்', அதாவது கூண்டு. ஸ்டார் ட்ரெக் தொடருக்காக ஜீன் ராடன்பெரி எழுதியது. 1964 நவம்பர், டிசம்பர் மாதங்களில் டெசிலு நிறுவனம் எடுத்தது. அமெரிக்காவில் பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது அதே 1964 ஜூலை 2 அன்று. தெருவில் கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபட்டு, ஒரு சட்டத்தை வாங்கிய ஆண்டில், ஸ்டூடியோவுக்குள் சிலர் எதிர்காலத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேப்டன் பைக்கின் விண்கப்பலுக்கு டலோஸ் என்ற கோளிலிருந்து ஓர் அபாயக் குரல் வருகிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே விழுந்த கப்பலில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. போய்ப் பார்த்தால் எல்லாம் மாயத்தோற்றம். உண்மையில் பிழைத்தவள் வீனா என்ற ஒரு பெண் மட்டும். பைக்கைப் பிடித்து நிலத்தடிக் கூண்டில் அடைக்கிறார்கள். அடைப்பவர்கள் டலோசியர்கள்; பெரிய மண்டை, சிறிய உடம்பு. ஒரு காலத்தில் போரால் தங்கள் நிலத்தை அழித்துவிட்டு மண்ணுக்குள் போனவர்கள். மனசக்தி வளர்ந்தது, கை வேலை மறந்தது. முன்னோர் விட்டுப்போன இயந்திரங்களைப் பழுதுபார்க்கக்கூடத் தெரியாது. பிடித்து வைத்த உயிர்களின் வாழ்க்கையை, கனவை, வலியை உள்ளிருந்து பார்த்துப் பொழுதுபோக்குகிறார்கள்.

பைக்கையும் ஒரு பெண்ணையும் அவர்கள் சேர்த்து வைக்க நினைப்பது எதற்காக? பிள்ளைகள் பிறக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் மேலே போய் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்ய வேண்டும். தலைமுறை தலைமுறையாக.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சொன்னான்: "பண்ணையாள் வைக்கிறாங்கக்கா."

ஆமாம், அதேதான். அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்கள் இருந்த மண் இது. தெற்கே தஞ்சையில் பண்ணையாள் முறைக்குக் கட்டுப்பாடு கொண்டுவர 1952-இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. நாடு முழுக்கக் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைப்பது, பிறக்கும்போதே வேலை குறிக்கப்பட்டுவிடுவது, கையில் மண் படாதவன் மண்ணுக்குச் சொந்தக்காரனாக இருப்பது: இதெல்லாம் நமக்கு அறிவியல் புனைகதை அல்ல, தாத்தா கதை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் எழுதினார். டலோசியர்களின் திட்டம் அதன் ஒரு பாதிதான். நம்மிடம் இருப்பது படிக்கட்டு வைத்த கூண்டு.

அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். சாதி செங்கல் சுவர் போலக் கண்ணால் காணும் தடையல்ல; அது ஓர் எண்ணம், ஒரு மனநிலை. எபிசோடில் இதற்குச் சரியான காட்சி ஒன்று உண்டு. பைக்கை மீட்கக் கப்பலிலிருந்து வந்தவர்கள் நிலத்தடிக் கதவை லேசர் பீரங்கியால் சுடுகிறார்கள். கதவு அசையவில்லை. சோர்ந்து போகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, முதலில் சுட்டபோதே கதவு உடைந்துவிட்டது. உடையவில்லை என்று அவர்கள் கண்ணுக்குக் காட்டப்பட்டது, அவ்வளவுதான். ஒரு டலோசியனைக் கையில் பிடித்து பைக் மிரட்டிய பிறகுதான் கூண்டின் கண்ணாடியில் விழுந்திருந்த ஓட்டையும் தெரிகிறது.

சுவர் நம் ஊரில் எண்ணமாகவும் இருக்கிறது, செங்கல்லாகவும் இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி போராட்டத்துக்குப் பிறகு 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். எந்தச் சுவர் உண்மையில் நிற்கிறது, எது நிற்பதாக நம்ப வைக்கப்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் களத்தில் நம் பாதி வேலை.

இன்னொரு நுணுக்கம். டலோசியர்களால் எல்லா எண்ணத்தையும் படிக்க முடிகிறது. கடுங்கோபம் வந்த மனதுக்குள் மட்டும் அவர்களால் நுழைய முடியவில்லை. "ஏன் இவ்வளவு கோபம், கொஞ்சம் பொறுமையாப் பேசக் கூடாதா?" என்று நம்மிடம் கேட்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

முடிவில் கேப்டனின் துணை அதிகாரியான பெண் தன் துப்பாக்கியை வெடிக்கும் நிலைக்குத் திருப்பி வைக்கிறார். அடிமைகளாக வாழ ஓர் இனத்தை உருவாக்குவது தவறு, அதற்குச் சாவதே மேல் என்கிறார். மனிதர்கள் சுகமான சிறையைக்கூட வெறுப்பவர்கள் என்பதைப் பதிவேடுகளில் படித்த டலோசியர்கள், இவர்கள் நமக்கு உதவ மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

அருமையான கதை. இதோடு கைதட்டிவிட்டு எழுந்துவிடலாமா? முடியாது.

அடிமை முறையை எதிர்க்கும் இதே எபிசோடில், பைக்குக்குக் காட்டப்படும் மாயக் காட்சிகளில் ஒன்று பச்சை உடம்புக்கார அடிமைப் பெண்ணின் நடனம். ஆண்கள் சுற்றி உட்கார்ந்து ரசிக்கிறார்கள், கேமராவும் சேர்ந்து ரசிக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் பெண் இருப்பது பழகவில்லை என்று கேப்டனே சொல்கிறார். துணிந்து சாக முன்வந்த அந்த அதிகாரிக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. 'நம்பர் ஒன்' என்று மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் இருந்தும் பெயர் சொல்லி அழைக்கப்படாத பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது உறுத்தாமல் போகாது. முக்கியப் பாத்திரங்களில் கறுப்பர் ஒருவரும் இல்லை. அடிமைத்தனத்தைப் பற்றிய கதை, எடுத்தது அமெரிக்காவில், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அதில் இல்லை.

நல்ல எண்ணம் உள்ளவர்கள் எழுதிய எதிர்காலம்தான் இது. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

என்பிசி தொலைக்காட்சி 1965-இல் இந்த எபிசோடை நிராகரித்தது. மூளைக்கு அதிக வேலை கொடுக்கிறது, அடிதடி போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். பெண் அதிகாரியை நீக்கியது ஏன் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. சேனல் பெண்ணை ஏற்கவில்லை என்றார் ராடன்பெரி. அந்த நடிகை மேஜல் பாரட் அவருடைய காதலி என்பதுதான் சிக்கல் என்றார்கள் தயாரிப்பில் உடனிருந்த வேறு சிலர். எது உண்மையானாலும் விளைவு ஒன்றுதான். அவருடைய நிதானமும் உணர்ச்சி காட்டாத அறிவும் ஸ்போக் என்ற ஆண் பாத்திரத்துக்குப் போயின. மேஜல் பாரட் தொடருக்குத் திரும்பி வந்தபோது செவிலியராக வந்தார்.

வழக்கத்துக்கு மாறாக, சேனல் இரண்டாவது முதல் எபிசோடு ஒன்றைக் கேட்டது. அதில் ஜப்பானிய வம்சாவளி நடிகர் ஜார்ஜ் டக்கே வந்தார். 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பானபோது மேல்தளத்தில் நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண் தகவல் தொடர்பு அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தின் பெயர் உஹுரா. சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் 'உஹுரு' என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு தொலைக்காட்சித் தொடர் தானாக இப்படி மாறிவிடவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே செல்மா பேரணி நடந்தது, 1965 வாக்குரிமைச் சட்டம் வந்தது. தெரு மாறியதால் திரை மாறியது.

முதல் சீசன் முடிந்ததும் விலகிவிட நினைத்தார் நிக்கல்ஸ். அப்போது ஒரு விழாவில் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், போகக் கூடாது, நம் பிள்ளைகள் தங்களை அங்கே பார்க்கிறார்கள் என்று தடுத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கிங்குக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1959-இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தீண்டப்படாத சமூகத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததையும், பிறகு தன் மக்களின் நிலையை எண்ணி ஆமாம் நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்ததையும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் பேசினார்.

தங்கை கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான எபிசோடில் கேப்டன் கிர்க்கும் உஹுராவும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி வந்தது. வெள்ளை ஆணும் கறுப்பினப் பெண்ணும் அப்படித் திரையில் வந்தது அந்நாட்டில் பெரும் பேச்சானது. ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட ஊர். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. வசதி படைத்த அவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்று கருதியது. கண் முன்னே எரிந்ததை எரியவில்லை என்று காட்டுவதற்கு டலோஸ் வரை போக வேண்டியதில்லை, தங்கையே.

அப்போது நம் ஊரில் டிவியும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. பல கிராமங்களில் முதல் பெட்டி ஊராட்சி அறைக்கு வந்தது. அந்த அறை ஊருக்குள் இருந்தது. சின்ன வயதில் நான் ஒளியும் ஒலியும் பார்த்தது ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று. 2006-க்குப் பிறகு இலவசக் கலர் டிவி வந்தபோதுதான் எங்கள் தெருவில் பல வீடுகளில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பார்ப்பதற்கே இவ்வளவு காலம். எழுதுவதற்கு?

திரையில் இருந்த அந்த நாற்காலி வெறும் அடையாளமாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1977-இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்கும் பிரச்சாரத்துக்கு நாசா நிக்கல்ஸை அமர்த்தியது. 1978-இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பர்கள். உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992 செப்டம்பரில் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். நாற்காலியும் வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் தெருவும் வேண்டும். ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் செந்துறை வட்டத்துக் குழுமூர் அனிதா 1200-க்கு 1176 வாங்கியவர். மருத்துவராகும் எதிர்காலத்தைத் தானே எழுதி வைத்திருந்தவர். விதியை நடுவில் மாற்றினார்கள். உச்சநீதிமன்றம் வரை போய் நின்றார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவருடைய வரைவை நிராகரித்தவர்கள் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கவில்லை. அதைக் கொடுக்க வைப்பது இருப்பவர்களின் கடமை, இறப்பவர்களின் கடமையல்ல. இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வெங்காயக் காட்டிலும் கல்லூரி விடுதியிலும் இருப்பவர்கள். இன்னும் நூறு ஆண்டு கழித்து இந்த ஊர் எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதுங்கள். அதில் தனிச் சுடுகாடு இருக்குமா, காலனி என்ற சொல் இருக்குமா, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கும்? அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பக்கம். எழுதியதை நாமே நடித்துப் பார்ப்போம். முதல் வரைவு மோசமாக இருந்தால் பரவாயில்லை, அவர்களுடையதும் அப்படித்தான் இருந்தது.

ஜெய் பீம்.