பின்கோடும் ஃபிடோநெட்டும்



நம் திருவண்ணாமலை பின்கோடு 606601. முதல் 6 தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று சொல்லும். கடைசி மூன்று எண்கள் அஞ்சலகத்தைச் சொல்லும். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்த ஏற்பாடு. முகவரி எந்த மொழியில் இருந்தாலும் கடிதம் வந்து சேரும்.

இணையம் பரவுமுன் கணினி ஆர்வலர்களும் இதே வழிக்குத்தான் வந்தார்கள். 1984இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியது ஃபிடோநெட். ஆர்வலர்கள் நடத்திய கணினி அறிவிப்புப் பலகைகள் இரவில் ஒன்றுக்கொன்று போன் போட்டுக் கடிதம் மாற்றிக்கொண்டன. ஏன் இரவில்? எஸ்.டி.டி. பூத்தில் கால் கட்டணத்துக்காகக் காத்து நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

ஆனால் ஒரே ஊரில் பத்துப் பலகைக்குக் கடிதம் என்றால் பத்து வெளியூர் கால். அதனால் 1985இல் முகவரியை இரண்டு எண்ணாகப் பிரித்தார்கள்: ஒன்று வட்டாரத்துக்கு, ஒன்று பலகைக்கு. வட்டாரத்தில் ஒருவர் மொத்த மூட்டையையும் ஒரே காலில் வாங்கி, உள்ளூர் காலில் பிரித்துக் கொடுப்பார். எந்த மூட்டை யார் வழியாகப் போக வேண்டும் என்பதைப் பலகை நடத்துபவர் தம் கணினியில் எழுதி வைப்பார். சம்பளம் கிடையாது, போன் பில் மட்டும் அவர் தலையில். நம் தபால்காரருக்காவது சம்பளம் உண்டு.

பிறகு மண்டல எண்ணும் சேர்ந்தது. ஆசியாவுக்குக் கிடைத்ததும் 6தான்!

நம் நாட்டிலும் பெங்களூரின் அதுல் சிட்னிஸ் போன்றோர் இத்தகைய பலகை நடத்தினார்கள். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. பலகைகள் மெல்ல ஓய்ந்தன.

பிள்ளைகளே, உங்களில் யாராவது அந்நாளில் மோடம் வைத்திருந்தீர்களா? எழுதுங்கள்.